பதினாலாவது கையெழுத்து

அத்தியாயம் 11

டீச்சர் அண்ணன் வீட்டுக்கு வந்து இன்றோடு அறுபத்திரண்டு நாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது நாள் கூடுதலாகத் தங்கிவிட்டாள்.

நடுவில் இரண்டொரு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாலு வருடமாகப் புருஷனின் டிரைவிங் ஸ்கூலில் காலை ஆறு மணிக்கு முதல் வகுப்புக்கு வண்டியில் ஏறி, இரவு எட்டு மணிக்குக் கடைசி வகுப்பு முடித்து இறங்கியவள். படிக்க வந்த பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புருஷனும் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தான்.

அவன் எல்லோருக்கும் ஓனர். ஸ்கூல், மூன்று கார், மாடியில் குடியிருந்த வீடு, எல்லாம் அவன் பெயரில். சம்பளம் என்று ஒரு நாளும் அவள் கைக்கு எதுவும் வந்ததில்லை. குடும்பத்துக்குள் என்ன சம்பளம் என்பான். அந்தக் குடும்பமே வேண்டாம் என்று விவாகரத்துக்கு மனுப் போட்டதும் அவன்தான். மனுவில், ‘மனைவி வீட்டிலும் சரி, தொழிலிலும் சரி, ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை’ என்று ஒரு வரி இருந்தது. போன வாரம் அதைப் படித்துவிட்டு டீச்சர் சிரித்தாள். எழுதுகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக வயிறு எரிகிறது.

இன்று பதினோரு மணிக்குக் கோர்ட். வழக்கு முடிகிறவரை சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் ஓனர் மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று அவள் கேட்ட மனு விசாரணைக்கு வருகிறது. கிடைத்தால், பத்தாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு தனி வீடு பார்ப்பாள். கிடைக்காவிட்டால் அண்ணன் வீட்டு ஹாலில் அறுபத்துமூன்றாவது நாள்.

காலை ஏழு மணிக்கே அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். லைசென்ஸ் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். விண்ணப்ப ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதுதான் அங்கே முக்கிய வியாபாரம். வழக்கமாக ஒன்பது மணிக்குத்தான் கிளம்புவான்.

"இத ஒரு தடவ படிச்சிடு" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை டீ டம்ளர் பக்கத்தில் வைத்தான். "மாப்பிள்ளை கொடுத்தனுப்பினார்."

"இன்னும் மாப்பிள்ளையா அவரு?"

"வாய்ப் பழக்கம். படி மொதல்ல."

ஒரே ஒரு பக்கம். ஓனர் மொத்தமாக ஒரு தொகை தருவான். பதிலுக்கு, வழக்கு நடக்கும்போதும் சரி, தீர்ப்புக்குப் பிறகும் சரி, தனக்கென்று எந்தக் காலத்திலும் எதுவும் கேட்க மாட்டேன் என்று டீச்சர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

"இது எத்தன நாளைக்கு வரும் அண்ணா?"

"சிக்கனமா இருந்தா ஒரு வருஷம் தாராளமா வரும்."

"ரெண்டாவது வருஷம்?"

அண்ணன் டீயை ஆற்றினான். ஆறிப்போன டீ அது.

"கோர்ட்டுன்னா ஜவ்வு மாதிரி இழுக்கும். கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டாம போயிடப் போகுது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வக்கீல்கிட்ட காட்டிட்டுப் போடட்டுமே" என்றாள் அண்ணி, அடுப்பு மேடையிலிருந்து திரும்பாமல்.

"உன்ன யாராவது கேட்டாங்களா?"

அண்ணி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அந்த வீட்டில் அவள் எதிர்ப்பைக் காட்டுவது அப்படித்தான். டீச்சர் உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மகள் ஷூ மாட்டிக்கொண்டே, தனி வீடு வந்தால் ஜன்னல் பக்கம் மேசை தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

கோர்ட் வராந்தாவில் உட்கார இடமில்லை. வக்கீலம்மா சுவரில் சாய்ந்து நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். படித்து முடித்ததும் இரண்டாக மடித்து டீச்சரிடமே கொடுத்தாள்.

"கெட்டிக்காரங்க. ரெண்டு தனித்தனி விஷயத்த ஒரே மூட்டையா கட்டியிருக்காங்க."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

"கேஸ் நடக்கறப்ப தர்றது ஒண்ணு. நீங்க பட்டினி கிடக்காம, அவருக்குச் சமமா நின்னு கேஸ் நடத்தறதுக்கு. அதுக்கு யார் மேல தப்புன்னு இப்ப அலச மாட்டாங்க. அவருக்கு என்ன வருமானம், உங்களுக்கு ஏதாவது வருமானம் உண்டா, உங்க தேவை என்ன, இதத்தான் முக்கியமா பாப்பாங்க. தீர்ப்புக்கு அப்புறம் தர்றது வேற. அதுக்கு எத்தன வருஷம் சேர்ந்து வாழ்ந்தீங்க, யார் எத விட்டுக்கொடுத்தீங்க, இனிமே உங்களால எவ்வளவு சம்பாதிக்க முடியும், எல்லாத்தையும் தோண்டிப் பாப்பாங்க. அத மொத்தமாவும் வாங்கலாம், மாசாமாசமும் வாங்கலாம்."

"எது நல்லது?"

"மாசாமாசம்னா, பின்னாடி யார் நிலைமையாவது மாறினா திரும்ப வந்து கூட்டச் சொல்லியோ குறைக்கச் சொல்லியோ கேக்கலாம். நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா நின்னுடும்."

"அந்தக் கவல அவருக்கு வேணாம். ஒரு தடவ பட்டதே போதும்."

வக்கீலம்மா சிரித்தாள். "பொண்ணுக்குத் தர்றது இது ரெண்டுலயும் சேராது. அது அவளோட உரிமை. நீங்களே நினைச்சாலும் அத எழுதிக்கொடுத்துட முடியாது. இப்ப இந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டா உங்க பங்கு ரெண்டுமே போச்சு. போடாதீங்க. உங்களுக்கு வருமானம் இல்லைங்கறதுதான் இன்னைக்கு நம்ம பிடி."

அந்தப் பிடி பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பதில் மனுவின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் வேலையில் இருக்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், ஆகவே எதுவும் தரத் தேவையில்லை என்றது பதில். ஆதாரமாக, லைசென்ஸ் ஆபீசில் ஸ்கூல் கொடுத்த புதுப்பித்தல் ஃபாரம். முழுநேரச் சம்பளப் பயிற்சியாளர் என்ற கட்டத்துக்கு நேரே அவள் பெயர். தேதி ஐந்து வாரத்துக்கு முந்தியது. கீழே கையெழுத்து.

டீச்சரின் கையெழுத்து கிறுக்கல். இது அச்சில் வார்த்ததுபோல அழகாக இருந்தது. கடைசி எழுத்தின் வால் சுழித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. அந்தச் சுழியை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவளுடைய பள்ளி நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த கை அது.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. போன மாதம் வேறு இரண்டு ஸ்கூல்களில் வேலை கேட்டுப் போனாள். இரண்டு இடத்திலும், உங்க பேர் ஏற்கெனவே ஒரு ஸ்கூல்ல பதிவாயிருக்கே, அவங்க விடுவிச்சாத்தான் எடுக்க முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். பழைய வருடத்துப் பதிவை நீக்காமல் இருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். பழைய பதிவு இல்லை. அவள் வெளியே வந்த பிறகு, இன்னும் ஒரு வருடத்துக்கு அவளைப் புதிதாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

"இது உங்க கையெழுத்தா?" என்றாள் வக்கீலம்மா.

"ரெண்டு நிமிஷம் இருங்கம்மா."

கூடவே கோர்ட்டுக்கு வந்திருந்த அண்ணன் படிக்கட்டு ஓரம் தண்ணீர் குழாயடியில் நின்றிருந்தான். டீச்சர் காகிதத்தை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது நீ போட்டதா?"

அவன் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"வருஷா வருஷம் நாந்தானே போடறேன். நீதானே சொன்ன, நான் வண்டியில இருக்கேன், வர முடியாது, நீயே போட்டுடுன்னு."

"அது அப்ப. இது அஞ்சு வாரத்துக்கு முன்னாடி. உன் வீட்ல இருக்கேன் அண்ணா நான்."

"மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ரெண்டு டிரெய்னர் பேர் இல்லன்னா ஸ்கூல் லைசென்ஸே போயிடும்னார். நீயே யோசிச்சுப் பாரு. ஸ்கூல மூடிட்டா உனக்கு எதுல இருந்து கொடுப்பார்? உனக்காகத்தான் செஞ்சேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். இவன் தொட்டில் ஆட்டியதற்கு நன்றி வேறு எதிர்பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறந்து செய்திருந்தால், பழக்கத்தில் கை போயிருந்தால், அவள் மன்னித்திருப்பாள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்தே செய்திருக்கிறான். இந்தப் பதிலை எழுதும்போது நானே எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றான் அண்ணன், குரலை இறக்கி. "அது உன் கையெழுத்துன்னு சொல்லிடு. காலைல கொடுத்த பேப்பர்லயும் போட்டுட்டு மொத்தமா வாங்கிக்க. இல்லன்னு சொன்னா என் கடை போச்சு. ஃபாரம் எழுதறவன் கள்ளக் கையெழுத்து போட்டான்னா அந்தத் தெருவுல எவன் எங்கிட்ட வருவான்? உள்ளகூடத் தூக்கி வைப்பாங்க. உங்கண்ணியும் பசங்களும் நடுத்தெருவுல நிக்கணுமா?"

"எம் பொண்ணு இப்ப எங்க நிக்கறா?"

அதற்குள் ஓனர் வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கார் சாவி. யாரோ வீட்டுச் சண்டைக்குச் சமாதானம் பேச வந்தவன்போல முகத்தை வைத்திருந்தான்.

"என்ன டீச்சர், அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுக்குச் சண்ட? சம்பளம்தானே பிரச்சன. நாளையிலருந்து வேலைக்கு வா. ஃபாரத்துல இருக்கிற மாதிரியே தர்றேன். யார் வேணாம்னா?"

"பதினாலு வருஷமா யார் வேணாம்னாங்க?"

"கோபத்துல எந்த முடிவும் எடுக்காத."

"கோபத்துலதான் எடுக்கப் போறேன். பொறுமையா எடுத்த முடிவோட லட்சணத்தத்தான் பாத்துட்டேனே."

உள்ளே போகும்முன் எல்லாவற்றையும் கேட்ட வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னாள். "இல்லன்னு சொன்னா பழைய ஃபாரத்தையெல்லாம் இழுப்பாங்க. தெரிஞ்சே அண்ணன போடவிட்டீங்கன்னு உங்க டிரெய்னர் பதிவுக்கும் ஆபத்து வரலாம். ஆமான்னு சொன்னா வேலையில இருக்கறதா ஆயிடும். இன்னைக்கு ஒண்ணும் கிடைக்காது. நான் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். உண்மை எதுவோ அத நீங்க சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நீதிபதி ஒரு பெண். காலையிலிருந்து கேட்ட குடும்பச் சண்டையெல்லாம் முகத்தில் களைப்பாகத் தெரிந்தது. ஓனரின் வக்கீல் எழுந்து, முழுநேர வேலை, முழுச் சம்பளம் என்று முடித்தார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இவர் கொடுத்த மனுவுல, மனைவி தொழில்ல ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட்டதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கார்" என்றாள் வக்கீலம்மா. "இப்ப முழுநேர வேலைன்னு சத்தியம் பண்றார். எந்தச் சத்தியத்த நம்பறதுன்னு அவரே சொல்லட்டும். அந்தச் சம்பளம் எந்த பாங்க்ல போடறாங்கன்னும் சொல்லட்டும்."

"கையில கொடுக்கறார். புருஷன் பெண்டாட்டிக்குள்ள ரசீதா எழுதுவாங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அது அவர்களிடம் நிறைய இருந்தது.

நீதிபதி ஃபாரத்தை டீச்சர் பக்கம் நீட்டச் சொன்னார். "நீங்களே சொல்லுங்க. இது உங்க கையெழுத்தா?"

மூன்றாவது வரிசையில் அண்ணன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் திரும்பாமலே தெரிந்தது.

"இல்லைங்கம்மா."

ஓனரின் வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர்போல ஒரு கட்டை எடுத்து வைத்தார். பதிமூன்று வருடத்து ஃபாரங்கள். எல்லாவற்றிலும் அதே அழகான கையெழுத்து, அதே சுழி. நீதிபதி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதெல்லாம்?"

"ஒண்ணுகூட என்னுது இல்லைங்க."

"வருஷா வருஷம் இதுல கையெழுத்து விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வண்டியிலங்க. யாருக்காவது கிளச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

நீதிபதி புரட்டுவதை நிறுத்தினார். "அப்ப யார் போட்டது?"

ஜெராக்ஸ் கடை, அண்ணி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், ஹாலில் மகள் தலைமாட்டில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள், எல்லாம் டீச்சர் கண்முன் வந்தன. அதற்கெல்லாம் மேலே, ‘சொன்னா நீ ஒத்துக்க மாட்ட’ என்ற குரலும் வந்தது.

"எங்கண்ணன். பின்னாடி உக்காந்திருக்கார்."

அண்ணன் எழுந்தான். தங்கையைப் பார்க்கவில்லை, ஓனரைப் பார்த்தான். ஓனர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். இவர் யாரென்றே தெரியாது என்பதுபோல அவ்வளவு கவனமாக மடித்தான்.

"அவ சொல்லித்தாங்க போட்டேன்" என்றான் அண்ணன். "எல்லா வருஷமும் அவ சொல்லித்தான்."

பதிமூன்று வருடத்துக்கு அது உண்மை. அந்த உண்மையை இழுத்துப் பதினாலாவது வருடத்தின்மேலும் போர்த்திவிட்டான். கூசாமல் சொன்னான் என்று எழுத மாட்டேன். கூசினான், கூசிக்கொண்டே சொன்னான். அதுதான் இன்னும் கேவலம்.

"அப்படியா?" என்றார் நீதிபதி.

"பதிமூணு வருஷம் நான் சொல்லித்தாங்க போட்டார். அது என் தப்பு. அதுக்கு என்ன வந்தாலும் ஏத்துக்கறேன்." டீச்சர் கடைசி ஃபாரத்தைக் கையால் காட்டினாள். "பதினாலாவது போட்ட அன்னைக்கு ராத்திரி நான் அவர் வீட்டு ஹால்லதான் படுத்திருந்தேன். எழுப்பிக் கேட்டிருக்கலாம்."

நீதிபதி எதையோ நிறைய நேரம் எழுதினார். ஃபாரங்கள் அத்தனையும் கோர்ட்டிலேயே இருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூலின் வருகைப் பதிவேட்டை ஓனர் இடைவேளைக்குப் பிறகு கொண்டுவர வேண்டும், மாதாந்திரப் பணம் பற்றிய உத்தரவு மதியம் இரண்டரை மணிக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

"ஜெயிச்சுட்டோம்னு சொல்ல மாட்டேன்" என்றாள் வக்கீலம்மா வெளியே வந்ததும். "அவங்க சொன்ன வேலை, சம்பளம் ரெண்டும் ஆட்டம் கண்டிருக்கு. ஆனா உங்க பதிவப் பத்தியும் அந்தம்மா குறிச்சுக்கிட்டாங்க. போய் ஏதாவது சாப்பிடுங்க."

அண்ணன் அவர்களைக் கடந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். தங்கையின் தோளில் கை இடித்தது. நிற்கவில்லை.

கேன்டீனில் டீச்சர் வாங்கிய ரொட்டி அப்படியே இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அண்ணி.

"உங்கண்ணன் போன் பண்ணார்."

"தெரியும் அண்ணி."

"உன் பெட்டி, பாப்பாவோட புஸ்தகம் எல்லாத்தையும் வாசல்ல எடுத்து வைக்கச் சொல்றார். நாலு மணிக்கு அவ வந்தா உள்ள விடக் கூடாதாம்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "கையெழுத்து விஷயத்தையும் அவரே சொன்னார். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், சத்தியமா. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

எதிர் மேசையில் ஓனரும் அவன் வக்கீலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓனர் நன்றாகச் சாப்பிட்டான்.

"நீங்க எதையும் தொடாதீங்க அண்ணி. ரெண்டரை மணிக்கு உத்தரவு. கிடைச்சா நானே வந்து எடுத்துக்கறேன்."

"கிடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னாலும் நானே வந்து எடுத்துக்கறேன்."